பேர் போட்ட பிறகுதான் வேலை

1

தம்பி மகள் நிரோஷா பதுளையிலிருந்து வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். நான் இங்கே மிலானில், டிராமில் நின்றபடி கேட்டேன்.

"அத்த, கொழும்புல ஒரு கம்பெனில இன்டர்ன் வேலைக்கு இன்டர்வியூ. அடுத்த கெழம வரச் சொல்லியிருக்காங்க. எனக்கு இப்பவே கையி காலெல்லாம் ஒதறுது. ஷெரின் அக்கா நெறைய எடத்துக்குப் போயிருக்குல்ல. எப்பிடி நடந்துக்கணும்னு கேட்டுச் சொல்லுங்க அத்த."

நிரோஷா கம்பஸில், பல்கலைக்கழகத்தில், படிக்கிறாள். எங்கள் குடும்பத்தில் ஊரில் இருந்துகொண்டே கம்பஸ் போன முதல் பிள்ளை. படிப்பு முடிய ஒரு கம்பெனியில் கொஞ்சக் காலம் பயிற்சி வேலை செய்ய வேண்டும். அதுதான் இன்டர்ன்.

ஷெரின் என் மகள். சின்னப் பிள்ளையாக இங்கே வந்தாள். இத்தாலிக்காரப் பிள்ளைகளோடு சேர்ந்து வியாபார நிர்வாகம் படிக்கிறாள். அவளுக்கும் இதே பயிற்சி வேலை வேண்டும். வீட்டுக்கு வந்து நிரோஷா கேட்டதைச் சொன்னேன்.

"நீயே சொல்லும்மா. நான் போன கதையெல்லாம் உனக்குத் தெரியும்தானே."

தெரியும். அதனால் எழுதுகிறேன். ஊரில் எங்கள் பங்குக் கோயில் இளைஞர் இதழுக்கு எழுதச் சொல்லி ஃபாதரும் பல தடவை கேட்டுவிட்டார். பூனாகலையிலிருந்தும் அப்புத்தளையிலிருந்தும் இப்போது நம் பிள்ளைகள் கம்பெனி வாசலுக்குப் போகிறார்கள். அவர்களுக்கும் ஆகட்டும்.

நான் எட்டாம் வகுப்பு. இன்டர்வியூ என்று ஒன்றுக்கும் போனதில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலையாட்கள் பேர் எழுதும் செக்ரோலில் அம்மா பேர் இருந்தது. அதன் கீழே என் பேரை எழுதினார்கள். குவைத்துக்குப் போகும்போது ஏஜென்ட் என் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தான். மிலானில் ஒரு வீட்டுக்காரம்மா, அயன் பண்ணத் தெரியுமா என்றார். தெரியும் என்றேன். உள்ளே விட்டார். நான் பதில் சொன்ன கேள்வி அது ஒன்றுதான்.

2

முதலில் உன்னைப் பற்றி ஒரு தாள் கேட்பார்கள். பேர், விலாசம், படிப்பு, படம்.

படத்துக்கு ஷெரின் சிரித்தாள். சிரிக்காதே என்றேன். ஏனென்றால் இங்கே தங்கும் பேப்பரைப் புதுப்பிக்கப் போலீஸ் ஆபீசுக்குக் கொடுக்கும் படத்தில் சிரித்தால் திருப்பித் தந்துவிடுவார்கள். கம்பெனிக்கு அப்படி இல்லையாம். சிரிக்காவிட்டால்தான் தள்ளிவிடுவார்களாம். போலீசுக்கு ஒரு முகம், கம்பெனிக்கு ஒரு முகம். இரண்டையும் ஒரே கடையில் எடுத்தோம்.

அந்தப் போலீஸ் ஆபீசில் ஒவ்வொரு தடவையும் விரல் ரேகை எடுப்பார்கள். வீடு வீடாகக் கழுவிக் கழுவி என் ரேகை தேய்ந்துவிட்டது. மெஷின் பிடிக்கவில்லை. அழுத்து, அழுத்து என்றான் ஆபீசர். அழுத்தினேன். பிடிக்கவில்லை. உனக்கு விரலே இல்லையா என்று சிரித்தான். உங்கள் ஊர் வீடுகளில்தான் விட்டிருக்கிறேன், போய்த் தேடுங்கள் என்றேன். என் இத்தாலி மொழி அவ்வளவு நல்லதில்லை. ஆனால் அது அவனுக்கு விளங்கியது.

இனி விலாசம். இதில் நம் ஆட்கள் ஒரு காரியம் செய்வார்கள். தோட்டத்து விலாசத்தை விட்டுவிட்டு, பதுளை டவுனில் தெரிந்த கடை விலாசத்தைப் போடுவார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வரும் கடிதம் தோட்டத்து ஆபீசில் கிடந்து, பிந்தித்தான் கைக்கு வரும். அது உண்மை. ஆனால் காரணம் அது மட்டும் இல்லை. நிரோஷா அனுப்பிய தாளிலும் ஒரு துணிக்கடை விலாசம்தான் இருந்தது. தம்பிக்குப் போன் போட்டேன்.

"ஏன்டா, நீ துணிக்கடைலயா குடியிருக்க?"

"இல்லக்கா. லயத்து நம்பரப் பாத்தா கூப்பிடாம விட்டுருவாங்களோன்னுதான்."

"கூப்பிடாட்டிப் போறாங்க."

"நீங்க இத்தாலில இருந்துகிட்டு லேசாச் சொல்லுவீங்க. இங்க வாசல்ல போயி நிக்கிறது எம் புள்ளதானே?"

அவன் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. நிற்பது அவன் பிள்ளை. ஆனாலும் நிரோஷா, உன் விலாசத்தைப் போடு. கடிதம் பிந்தினால் போன் நம்பர் இருக்கிறது. உன் வீட்டு நம்பரைப் பார்த்து முகம் சுளிக்கிறவன், உன்னை உள்ளே எடுத்தாலும் சுளித்த முகத்தோடுதான் வைத்திருப்பான்.

3

அடுத்தது ஆளே இல்லாத இன்டர்வியூ. நீ வீட்டில் இருப்பாய். கம்ப்யூட்டர் கேள்வியை எழுதிக் காட்டும். பதில் சொல்லக் கொஞ்ச நேரம் தரும். அந்த நேரம் மூலையில் ஓடிக் குறையும். எதிரில் கேட்கிறவர் முகம் இருக்காது. உன் முகம்தான் தெரியும். அதையே பார்த்துப் பேச வேண்டும்.

எங்களுக்கு ஒரு அறை, ஒரு குசினி. ஷெரின் அறைக்குள் சட்டை போட்டு உட்கார்ந்தாள். நான் பாத்ரூமுக்குள் போய்ச் சத்தம் போடாமல் நின்றேன். என் வீட்டுக்காரர் அன்டன் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறார். அன்று அவருக்கு லீவு. சமைத்துக்கொண்டிருந்தார்.

உன் பலம் என்ன என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஷெரின் வாயைத் திறந்தாள். குக்கர் விசில் அடித்தது.

"அப்பா!"

"நான் என்னம்மா செய்யிறது? பருப்புக்குத் தெரியுமா ஒனக்கு இன்டர்வியூன்னு?"

அதையும் சேர்த்தே கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. திருப்பிச் சொல்ல விடாது. அவள் அழப் பார்த்தாள். ஆனால் நிறுத்தாமல் பேசி முடித்தாள். அந்தச் சுற்றில் பாஸ்தான், அடுத்த சுற்றில்தான் போயிற்று. ஆகவே விசில் அடித்தாலும், நாய் குரைத்தாலும், நீ பாட்டுக்குப் பேசு.

உன் பலவீனம் என்ன என்றும் கேட்பார்கள். இதற்கு நான் பயந்தேன். தோட்டத்தில் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளையிடம் முழங்கால் வலி என்று வாய் தவறிச் சொன்னால், மறுநாள் செங்குத்து மலையில் கொழுந்து பறிக்க நிரை கொடுப்பான். எங்களுக்குப் பலவீனம் சொல்லிப் பழக்கம் இல்லை.

"ஒன்னும் இல்லேன்னு சொல்லு" என்றேன்.

"அப்படிச் சொல்ல ஏலாதும்மா. எல்லாரும் ஒரு பலவீனம் வச்சிருக்காங்க. 'நான் ரொம்ப அதிகமா வேலை செய்வேன், அதான் என் பலவீனம்' அப்படின்னு சொல்லணும்."

"அது எப்பிடிடீ பலவீனம்?"

"அது பலவீனம் இல்ல. அதனாலதான் அதச் சொல்றது."

அன்டன் குசினியிலிருந்து, "அப்ப ஒங்கம்மாவுக்கு ஒடம்பு முழுக்கப் பலவீனம்" என்றார்.

ஐந்து வருடத்தில் எங்கே இருப்பாய் என்றும் ஒரு கேள்வி வரும். எங்களைக் கேட்டால், பேப்பர் இருக்கிற வரைக்கும் இங்கே என்போம். அவள் வேறு என்னவோ அழகாகச் சொன்னாள். எனக்கு அந்த இத்தாலி மொழி பாதி விளங்கவில்லை. என் மகள் பேசுவதை நான் பாத்ரூம் கதவுக்குப் பின்னால் நின்று பாதிதான் விளங்கிக்கொள்கிறேன். அவள் தமிழும் அப்படித்தான். எல்லாரையும் 'நீ' என்பாள். நாங்கள் இரண்டு பேரும் அவளை 'நீ' என்றுதான் கூப்பிட்டோம். அவள் சின்னவளாக இருந்தபோது வேறு தமிழ் ஆட்களோடு பழக்கம் இல்லை. அவள் காதில் 'நீங்க' விழவே இல்லை. ஃபாதர் போனில் வந்தபோது, "ஃபாதர், நீ சாப்பிட்டியா?" என்றாள். "சாப்பிட்டேன் தாயி, நீங்க சாப்பிட்டீங்களா?" என்றார் ஃபாதர்.

4

ஷெரின் பல இடத்தில் எழுதிப் போட்டாள். பல இடத்திலிருந்து பதிலே இல்லை. அதையும் எதிர்பார், நிரோஷா. வேண்டாம் என்று சொல்லக்கூட ஒரு ஆள் மெனக்கெட மாட்டான். கோடை முடிவதற்குள் இடம் கிடைக்காவிட்டால் அவள் படிப்பு தள்ளிப் போகும் என்று பல்கலைக்கழகத்தில் சொல்லிவிட்டார்கள். வீட்டில் எல்லார் முகமும் சுருங்கிப் போயிருந்தது.

அப்போதுதான் ஒரு பெரிய கம்பெனி கூப்பிட்டது. வீடுகளுக்கு கேஸ், கரண்ட் இணைப்பு விற்கும் கம்பெனி. கண்ணாடிக் கட்டிடம். அவளோடு இன்னும் சில பிள்ளைகள். எல்லாரையும் ஒரே மேசையில் உட்கார வைத்தார்கள். இதற்குக் கூட்டு இன்டர்வியூ என்று பேர். கொழும்பிலும் இப்படி வைக்கிறார்களாம்.

கப்பல் கவிழ்ந்துவிட்டது, எந்தப் பொருளைக் காப்பாற்றுவீர்கள், எல்லாரும் சேர்ந்து பேசி முடிவெடுங்கள் என்றார்களாம். ஓரத்தில் இரண்டு பேர் எழுதிக்கொண்டே பார்ப்பார்கள். யார் கத்துகிறான், யார் அடுத்தவனைப் பேச விடுகிறான் என்று பார்க்கிறார்களாம். நேப்பிள்ஸ் பக்கத்துப் பையன் ஒருவன் ஒரே கத்து. ஷெரின் கடைசியில், கப்பலில் எத்தனை ஆட்கள் என்று கேட்டிருக்கிறாள். அதுவரை ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லார் தலையிலும் போன் கருவி மாட்டினார்கள். எதிரில் கம்ப்யூட்டர். அதில் பேரும் நம்பரும் வந்தது. கூப்பிட்டுப் பேசுங்கள், இதுவும் தேர்வில் ஒரு பகுதி என்றாள் கிளாரா. அவள்தான் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட மேலதிகாரி. மறுமுனையில் நிஜ ஆட்கள். ஷெரின் ஒரு வயதான அம்மாவோடு நெடுநேரம் பேசினாள். அந்த அம்மா கேஸ் இணைப்பு எடுக்கச் சம்மதித்துவிட்டார். கிளாரா கை தட்டினாளாம். நாளைக்கும் வாருங்கள், நாளை மறுநாளும் வாருங்கள், பிறகு முடிவு சொல்கிறோம் என்று அனுப்பினார்கள்.

5

வீட்டுக்கு வந்தபோது அவள் முகத்தில் வெளிச்சம் இருந்தது. எல்லாம் சொன்னாள். நான் கேட்டேன்.

"பேர் போட்டாங்களா?"

"என்ன பேர்?"

"வேல செஞ்சியே. ஒம் பேர எங்கயாச்சும் எழுதினாங்களா? கையெழுத்து வாங்கினாங்களா?"

"அம்மா, இது இன்டர்வியூ."

"கேஸ் வித்தியா இல்லியா?"

"வித்தேன்."

"அப்ப வேலதானே."

"அம்மா, இது தோட்டம் இல்ல!"

அது எனக்குச் சுட்டது. சத்தமாகத்தான் பேசினேன். தோட்டமோ கண்ணாடிக் கட்டிடமோ, வேலை வேலைதான் என்றேன். லெச்சுமி அக்கா கதையை அப்போதுதான் அவளுக்குச் சொன்னேன். ஆத்திரத்தில் சொன்னது.

தோட்டத்தில் காலையில் வேலையாட்கள் கூடும் இடம் பெரட்டு. அங்கே கணக்கப்பிள்ளை பேர் கூப்பிட்டு எழுதுவார். பேர் விழுந்தால் அந்த நாள் உன் நாள். விழாவிட்டால் பொழுது சாயும் மட்டும் கொழுந்து கிள்ளினாலும் அது தானம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு புதுக் கணக்கப்பிள்ளை வந்தார். கொழும்பிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், பங்களா ரோட்டுப் புல்லை முதலில் செதுக்குங்கள், பேரைப் பிறகு போடலாம் என்றார். நாங்கள் போய்விட்டோம். அடுத்த நாளும் அதையே சொன்னார். அதற்கடுத்த நாளும் சொன்னார்.

அன்று லெச்சுமி அக்கா, இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து ரோட்டு ஓரத்தில் விரித்து உட்கார்ந்தாள். நான் வீட்டுக்குப் போகத் திரும்பினேன். கையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்கடி போற? போனா வரல்லன்னு எழுதுவான். வந்த எடத்துல இரு. வந்தோம், இருக்கோம், பேரு விழல்ல, கையும் விழல்ல. அவன் என்ன எழுதுறான்னு பாப்போம்."

எல்லாரும் உட்கார்ந்தோம். கணக்கப்பிள்ளை கத்தினார். "மகாராணிமாருக்கு நாற்காலி கொண்டாரவா?" என்றார். "கொண்டாங்க ஐயா, தரை குளிருது" என்றாள் அக்கா. அன்று யாருக்கும் பேர் விழவில்லை. அதற்குப் பிறகு பேர் கூப்பிடாமல் எங்களை யாரும் எங்கேயும் அனுப்பவில்லை. லெச்சுமி அக்காவை மட்டும் நெடுங்காலம் அட்டை மொய்க்கும் மலைக்குத்தான் விட்டார்கள். அவள் போனாள். முணுமுணுக்கவில்லை.

ஷெரின் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அன்டன் என்னைக் குசினிக்குக் கூப்பிட்டார். "இந்தா, சும்மா இரு. புள்ளைக்குப் படிப்பு முடியணும். இதுவும் போச்சுன்னா என்ன செய்யிறது? கொஞ்ச நாளைக்குப் பல்லக் கடிச்சுக்கிட்டுப் போகட்டும்" என்றார்.

அவர் சொன்னது சரியென்று பட்டது. விடிந்ததும் சோறு கட்டிக் கொடுத்தேன். வாசலில் வைத்து, "நேத்து ஏதோ கோவத்துல சொல்லிட்டேன். பேசாம செஞ்சிட்டு வா" என்றேன்.

தலையாட்டினாள். போனாள்.

6

பிறகு நடந்ததை அவள் வாயால் பல தடவை கேட்டு எழுதுகிறேன்.

போன் கருவியைத் தலையில் மாட்டவில்லை. மேசையில் வைத்தாள். கிளாராவிடம் கேட்டாள்.

"எங்கள் பேர் எந்தப் பேப்பரில் இருக்கிறது?"

"பேப்பர் தேர்வு முடிந்த பிறகு. இப்போது உங்கள் ஆர்வத்தைப் பார்க்கிறோம்."

"நேற்று நான் விற்ற கேஸ் இணைப்பு நிஜமானதா?"

"நிஜம்தான்."

"அப்படியென்றால் நான் செய்ததும் நிஜ வேலை. பயிற்சிக்குப் பல்கலைக்கழகத்தோடு நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். இன்சூரன்ஸ் இருக்க வேண்டும். அது வரட்டும், ஆட்களைப் போனில் கூப்பிடுகிறேன்."

"பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம்."

"போக மாட்டேன். தேர்வுக்கு வந்திருக்கிறேன். தேர்வு வையுங்கள்."

கையைக் கட்டிக்கொண்டு அதே நாற்காலியில் இருந்தாள். மற்றப் பிள்ளைகள் பார்த்தார்கள். அந்த நேப்பிள்ஸ் பையன் கருவியைக் கழற்றினான். கிளாரா அவனைத் திரும்பிப் பார்த்தாள். திரும்ப மாட்டிக்கொண்டான். ஷெரின் அவனைக் குறை சொல்லவில்லை. அவனுக்கும் கோடை முடிவதற்குள் இடம் வேண்டும்.

மத்தியானம் நான் கட்டிக் கொடுத்த சோற்றை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டாள். கருவாட்டு வாசம் கண்ணாடிக் கட்டிடம் முழுக்கப் போயிருக்கும். அதற்குப் பிறகு கோட்டுப் போட்ட ஒருவர் வந்து, மரியாதையாக, உங்களுக்கான தேர்வு முடிந்துவிட்டது என்றார். எழுந்து வந்துவிட்டாள்.

வீட்டில் நான் வாயில் வந்தபடி திட்டினேன்.

"ஒன்னய யாருடி ஒக்காரச் சொன்னது?"

"நீதான்."

"நான் எப்பச் சொன்னேன்? காலையில பேசாம இருந்து செய்யின்னுதானே சொன்னேன்!"

"காலையில சொன்னது அப்பாட பேச்சு. ராத்திரி சொன்னதுதான் உன் பேச்சு."

அன்டன் கும்பிட்டார். "ஆத்தாவும் மகளும் ஒரே கூடைக் கொழுந்து. என்னய விட்டுருங்க" என்று கட்டிலில் போய்ப் படுத்துவிட்டார்.

கோடை முடிந்தது. இடம் கிடைக்கவில்லை. அவளோடு படித்த பிள்ளைகள் தலையில் இலைவளையம் வைத்துப் பட்டம் வாங்கினார்கள். இங்கே அப்படி ஒரு வழக்கம். ஷெரின் போய்க் கை தட்டிவிட்டு வந்தாள். தமிழ்க் கோயில் பூசையில் ஒருத்தி என்னிடம், "ஒங்க மக இன்னும் முடிக்கல்லியாமே" என்றாள். "இல்லீங்க, அவ சும்மா வேல செய்ய மாட்டா. அதான் கொஞ்சம் சுணங்குது" என்றேன். அவள் வேறு கதைக்குப் போய்விட்டாள்.

7

போன மாதம் அந்தக் கம்பெனியிலிருந்தே போன் வந்தது. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஷெரின் கையில் மீன் குழம்பு. சத்தமாகக் கேட்கிற மாதிரி போனை மேசையில் வைத்தாள். கோட்டுப் போட்ட அதே ஆள்தான்.

உங்கள் குரல் நல்ல குரல், முதல் நாள் நீங்கள் பேசியது எங்களுக்கு நினைவிருக்கிறது, திங்கட்கிழமை வந்து ஆரம்பிக்கலாம் என்றார்.

அன்டன் இரண்டு கையையும் ஆட்டி, சரியென்று சொல், சரியென்று சொல் என்றார். நான் ஒன்றும் ஆட்டவில்லை. சரியென்று சொல்லிவிடுவாளோ என்று பயம். சொல்லாமல் விட்டுவிடுவாளோ என்றும் பயம்.

"பேப்பரில் திங்கட்கிழமை காலையிலேயே கையெழுத்தாகுமா?" என்று கேட்டாள்.

"முதலில் நீங்கள் வாருங்கள். பேப்பரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்."

"முதலில் பேப்பர். அன்றைக்கே வருகிறேன்."

தெரியப்படுத்துகிறோம் என்றார்.

ஷெரின் தட்டைப் பக்கத்தில் இழுத்து மிச்சச் சோற்றைப் பிசைந்தாள். அன்டன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தட்டிலிருந்த மீன் தலையை எடுத்து அவள் தட்டில் வைத்தார். "கிறுக்குப் புள்ள" என்றார்.

அவர்கள் இன்னும் தெரியப்படுத்தவில்லை. நாங்களும் காத்திருக்கவில்லை.

நிரோஷா, நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ. பஸ் பிந்தும், முதல் நாளே கொழும்புக்குப் போய்விடு. தெரியாததைத் தெரியாது என்று சொல். இங்கிலீஷ் தடுக்கினால் நின்று, மூச்சு விட்டு, திரும்பச் சொல். உட்காரச் சொன்னால் உட்கார். சொல்லாவிட்டால், உட்காரலாமா என்று கேட்டு உட்கார். நம் ஆட்கள் நின்றுகொண்டே பேசிப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் உன்னோடு முடியட்டும். இந்த வேலை உனக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்கும் தெரியும். அதை அவர்களுக்குக் காட்டிக் கெஞ்சாதே.

ஷெரின் இன்று காலையில் இன்னொரு கம்பெனிக்குப் போயிருக்கிறாள். இந்நேரம் உள்ளே கூப்பிட்டிருப்பார்கள். அவளிடம் அவர்கள் என்ன கேட்பார்கள் என்று எனக்குத் தெரியாது. அவர்களிடம் அவள் என்ன கேட்பாள் என்று தெரியும்.